வன்முறையற்ற கைதிகளின் விடுதலை: அமெரிக்கத் தன்னுரிமைவாதமும் சிறை நெரிசலும் (1971–2024)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1970களுக்குப் பின் சிறைவாசிகளின் எண்ணிக்கை பன்மடங்கு பெருகியது. சிறை நெரிசலைக் குறைக்க வன்முறையில் ஈடுபடாத கைதிகளை விடுவிக்கலாம் என்னும் கருத்துக்கு ஆதரவளித்த அரசியல் மரபுகளுள் ஒன்று, லிபர்டேரியனிசம் எனப்படும் தன்னுரிமைவாதம். அம்மரபு முன்வைத்த அடிப்படை வினா ‘பாதிக்கப்பட்டவர் யார்?’ என்பதாகும். சட்டமாக்கத்தில் அது ‘வன்முறை நிகழ்ந்ததா?’ என்றும், ஆட்சிமன்ற விவாதங்களில் ‘செலவு எவ்வளவு?’ என்றும் உருமாறியது. இம்மாற்றத்தையும் அதன் விளைவுகளையும் இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தன்னுரிமைவாதம், சிறை நெரிசல், பாதிக்கப்பட்டவர் இல்லாக் குற்றம், இழப்பீடு, கலிபோர்னியா, டெக்சாஸ்.

முன்னுரை

1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மாநில, கூட்டாட்சிச் சிறைகளில் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் இருந்தனர். 2009ஆம் ஆண்டளவில் அத்தொகை 16 இலட்சத்தை எட்டியது. இப்பெருக்கத்திற்குக் காரணங்கள் பல. அவற்றுள் போதைப்பொருள் சட்டங்கள் குறிப்பிடத்தக்கவை. 1973இல் நியூயார்க் மாநிலம் இயற்றிய ராக்பெல்லர் சட்டங்கள், குறிப்பிட்ட அளவு போதைப்பொருளை விற்றவருக்குக் குறைந்தது 15 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறைத்தண்டனை விதித்தன. 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், 5 கிராம் கிராக் கோக்கைன் விற்பனைக்கு 5 ஆண்டுக் கட்டாயத் தண்டனையை வகுத்தது. தூள் வடிவக் கோக்கைனுக்கு அதே தண்டனை பெற 500 கிராம் தேவைப்பட்டது. இவ்வேற்றுமை கறுப்பின மக்களைப் பெரிதும் தாக்கியது. இச்சட்டங்கள் உருவாகும் முன்பே அவற்றை மறுப்பதற்கான கோட்பாடு தன்னுரிமைவாதத்தில் இடம்பெற்றிருந்தது.

கோட்பாட்டு அடிப்படை

தீயொழுக்கம் வேறு, குற்றம் வேறு என்னும் பாகுபாட்டை லைசாண்டர் ஸ்பூனர் 1875இலேயே வலியுறுத்தினார். ஒருவர் தமக்குத் தாமே இழைத்துக்கொள்ளும் கேடு தீயொழுக்கம். பிறருடைய உடலுக்கோ உடைமைக்கோ இழைக்கும் கேடே குற்றம். முன்னதைத் தண்டிக்க அரசுக்கு உரிமையில்லை என்பது அவர்தம் முடிபு. 1971இல் கொலராடோவில் தோன்றிய லிபர்டேரியன் கட்சி, அடுத்த ஆண்டு வெளியிட்ட கொள்கை அறிக்கையில் இக்கருத்தை ஏற்றது. போதைப்பொருள் பயன்பாடு, சூதாட்டம், வயதுவந்தோரின் இசைவான பாலுறவு ஆகியவற்றைக் குற்றமாக்கும் சட்டங்களை நீக்க வேண்டும் என்று அது கோரியது. பொருளியலறிஞர் மில்டன் பிரீட்மன் 1972இலும் 1989இலும் எழுதிய கட்டுரைகளில், போதைப்பொருள் தடையே குற்றங்களைப் பெருக்குகிறது என்று வாதிட்டார்.

இம்மரபில் விடுதலை என்பது கருணையின்பாற்பட்டதன்று, நெரிசலுக்கான மருந்துமன்று. பாதிக்கப்பட்டவர் எவருமில்லாத செயலுக்காக ஒருவரை அடைத்து வைப்பதே அரசின் உரிமை மீறல் ஆகும். சிறையில் இடம் மிகுதியாக இருந்தாலும் அவரை விடுவிக்க வேண்டும் என்பதே இந்நிலைப்பாட்டின் தருக்க முடிவு.

திருட்டும் மோசடியும் இதிலிருந்து வேறுபட்டவை. அவற்றில் வன்முறை இல்லாமல் இருக்கலாம்; ஆனால் பாதிக்கப்பட்டவர் உண்டு. உடைமையுரிமையை உயிர்நிலையாகக் கொண்ட தன்னுரிமைவாதம் அவற்றைச் சிறு பிழையாகக் கருதுவதில்லை. 1977இல் ராண்டி பார்னெட், குற்றவியல் நீதி தண்டனையை விட்டு இழப்பீட்டை மையமாகக் கொள்ள வேண்டும் என்றார். மர்ரே ரோத்பார்ட் 1982இல் வெளியிட்ட நூலில், திருடியவர் திருடியதைத் திருப்பித் தருவதோடு அதற்கு ஈடான தம் உடைமையையும் இழக்க வேண்டும் என்று வாதிட்டார். பொருளை இழந்தவரே வரி செலுத்தித் திருடரைச் சிறையில் பேணும் முறையை அவர் கடிந்தார். எனவே திருடர் சிறையிலிருந்து வெளியே வரலாம். ஆனால் கடனாளியாகவே வருகிறார்.

உள்முரண்: தனியார் சிறைகள்

நெரிசலுக்குச் சந்தை வழியிலும் ஒரு விடை உண்டு. அது புதிய சிறைகளைத் தனியாரிடம் ஒப்படைப்பது. 1995 முதல் 2003 வரை குடியரசுக் கட்சியின் சார்பில் நியூ மெக்சிகோ ஆளுநராக இருந்த கேரி ஜான்சன் இவ்வழியை மேற்கொண்டார். அவரே 1999இல் போதைப்பொருள் தடைச் சட்டங்களை வெளிப்படையாக எதிர்த்தார். பின்னர் 2012, 2016 தேர்தல்களில் லிபர்டேரியன் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளரானார். அரசின் செயற்பரப்பைச் சுருக்குவது வேறு, அரசின் தண்டனை அதிகாரத்தைச் சுருக்குவது வேறு என்பதை இது காட்டுகிறது. முதலாவது நிறைவேறியும் இரண்டாவது நிறைவேறாமல் இருக்கலாம்.

டெக்சாஸ்: செலவின் மொழி

2007இல் டெக்சாஸ் மாநிலம், 2012ஆம் ஆண்டுக்குள் மேலும் 17,000க்கு மேற்பட்ட சிறைப் படுக்கைகள் தேவைப்படும் என்னும் கணிப்பை எதிர்கொண்டது. குடியரசுக் கட்சியின் ஜெர்ரி மேடனும் ஜனநாயகக் கட்சியின் ஜான் விட்மயரும் இணைந்து மாற்றுத் திட்டத்தை வகுத்தனர். 24.1 கோடி டாலர், போதை மீட்பு, நன்னடத்தைக் கண்காணிப்பு முதலிய பணிகளுக்கு ஒதுக்கப்பட்டது. 2011இல் அம்மாநிலம் ஒரு சிறையையே மூடியது.

இவ்வெற்றியின் தொடர்ச்சியாக, டெக்சாஸ் பொதுக் கொள்கை அறக்கட்டளை 2010இல் ‘ரைட் ஆன் கிரைம்’ இயக்கத்தைத் தொடங்கியது. நியூட் கிங்ரிச், குரோவர் நார்குவிஸ்ட் முதலியோர் அதன் அறிக்கையில் ஒப்பமிட்டனர். பழமைவாதிகளும் தன்னுரிமைவாதிகளும் ஒரே அணியில் நின்றனர். ஆனால் அவர்களை இணைத்தது உரிமைக் கோட்பாடு அன்று, வரிப்பணச் சிக்கனமே. சிறையும் ஓர் அரசுத் திட்டம், அதன் பயனையும் செலவையும் எடைபோட வேண்டும் என்னும் வாதம் பலரை ஈர்த்தது.

கலிபோர்னியா: வன்முறை என்னும் எல்லைக்கோடு

ஏறத்தாழ 80,000 பேருக்கென அமைந்த கலிபோர்னியச் சிறைகள் ஒரு கட்டத்தில் 1,56,000 பேரைக் கொண்டிருந்தன. சில இடங்களில் 54 கைதிகளுக்கு ஒரே கழிப்பறை இருந்தது. 2011 மே மாதம் பிரவுன் எதிர் பிளாட்டா வழக்கில், கைதிகளின் தொகையைக் கொள்ளளவின் 137.5 விழுக்காடாகக் குறைக்கும் ஆணையை உச்ச நீதிமன்றம் 5–4 என்னும் பெரும்பான்மையில் உறுதி செய்தது. கொடிய தண்டனையைத் தடைசெய்யும் அரசமைப்பின் எட்டாம் திருத்தமே இதற்கு அடிப்படை. சிறைவைத்தல் முறையா என்பதைத் தீர்ப்பு ஆராயவில்லை. சிறைவைத்த முறையையே ஆராய்ந்தது.

அவ்வாண்டே கலிபோர்னியா, கடுமையற்ற, வன்முறையற்ற, பாலியல் சாராத குற்றம் புரிந்தோரின் பொறுப்பை மாவட்ட நிருவாகங்களுக்கு மாற்றியது. பலருக்கு இது விடுதலையன்று, இடமாற்றம். 2014இல் வாக்காளர் ஏற்ற 47ஆம் முன்மொழிவு, தன் பயன்பாட்டுக்கான போதைப்பொருள் வைத்திருத்தலையும் 950 டாலருக்கு உட்பட்ட திருட்டையும் பொதுவாகச் சிறுகுற்றங்களாக்கியது. தன்னுரிமைவாதம் வேறுபடுத்திய இரண்டும் இங்கே ‘வன்முறையற்றவை’ என்னும் ஒரே வகைக்குள் அடங்கின. கடைத் திருட்டு குறித்த பொதுமக்கள் சினம் பெருகியபோது, 2024இன் 36ஆம் முன்மொழிவு மீளத் திருடுவோருக்கும், மீளப் போதைப்பொருளுடன் பிடிபடுவோருக்கும் தண்டனையைச் சேர்த்தே கடுமையாக்கியது. ஒன்றாகக் கட்டப்பட்டவை ஒன்றாகவே வீழ்ந்தன.

எண்ணிக்கையின் எல்லை

கூட்டாட்சிச் சிறைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் போதைப்பொருள் குற்றங்களுக்காக அடைக்கப்பட்டிருந்தனர். 2018 டிசம்பரில் சட்டமான ‘பர்ஸ்ட் ஸ்டெப்’ சட்டம், 2010இல் கிராக் தண்டனையில் செய்யப்பட்ட குறைப்பை முன்னரே தண்டிக்கப்பட்டோருக்கும் நீட்டித்ததால் பலர் பயன்பெற்றனர். ஆனால் கைதிகளில் மிகப் பெரும்பாலோர் மாநிலச் சிறைகளிலேயே உள்ளனர். அங்கே பாதிக்கு மேற்பட்டோர் வன்முறைக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். போதைப்பொருள் குற்றவாளிகள் ஏழில் ஒரு பங்கு அளவினரே. ஜான் பாப் 2017இல் வெளியிட்ட நூல் இதனைச் சுட்டிக்காட்டியது. ஆகவே போதைக் கைதிகள் அனைவரையும் விடுவித்தாலும் மாநிலச் சிறைகளின் பேரளவு மாறாது. நெரிசலைக் குறைக்கும் கருவியாக மட்டும் முன்வைக்கப்படும்போது தன்னுரிமைவாதம் தன் வலுவை இழக்கும் இடம் இது. அநீதியை நீக்கும் கோரிக்கையாக முன்வைக்கப்படும்போது இவ்வெண்கள் அதனைத் தொடுவதில்லை. அநீதியாக அடைக்கப்பட்டவர் ஏழில் ஒருவராயினும் அவருடைய உரிமை குறைவதில்லை.

முடிவுரை

வன்முறையற்ற கைதிகளின் விடுதலை குறித்த தன்னுரிமைவாதப் பார்வை, நெரிசலிலிருந்து பிறந்ததன்று. நெரிசல் அதற்கு அரசியல் வாய்ப்பை அளித்தது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்துகையில் உரிமையின் இடத்தைச் செலவும், பாதிக்கப்பட்டவரின் இடத்தை வன்முறையும் பெற்றன. இதனால் பல்லாயிரவர் வீடு திரும்பினர் என்பது மறுக்கவியலாதது. எனினும் செலவை அடிப்படையாகக் கொண்ட விடுதலை, அச்சம் செலவைவிடப் பெரிதாகத் தோன்றும் நாளில் திரும்பப் பெறப்படலாம் என்பதைக் கலிபோர்னியா காட்டியுள்ளது. இழப்பீடு பற்றிய கோட்பாட்டின் மறுபாதி சட்டமாக்கத்தில் பெரிதும் இடம்பெறாமல் போனது. திருட்டுக்கு ஆளானவருக்கு விடையளிக்காத சீர்திருத்தம் மக்களாதரவைத் தக்கவைப்பது அரிது என்பதே இவ்வரலாறு தரும் முடிவு.