ஏற்காட்டுக் காப்பியும் சேலத்து மாம்பழமும் சந்தித்த வழி

சித்திரை வெயில் மொட்டை மாடிகளைக் காய்ச்சும் நாட்களில், சேலத்து வீடுகளில் இப்போது ஒரு புதுப் பானம் தயாராகிறது. மல்கோவாச் சதையை மிக்சியில் அடித்து டம்ளரின் அடியில் ஊற்றுகிறார்கள். ஐஸ் கட்டிகளைப் போட்டு, குளிர்ந்த பாலையும் அதன்மேல் டிகாஷனையும் விட்டால் மஞ்சள், வெள்ளை, பழுப்பு என்று மூன்று அடுக்காக நிற்கிறது. கைப்பேசியில் பார்த்துக் கற்றுக்கொண்டதால் பலரும் இதை வெளிநாட்டுச் சரக்கு என்றே நினைக்கிறார்கள். ஆனால் இதிலுள்ள காப்பி, ஏற்காட்டில் இருநூறு ஆண்டுகளாக விளைகிறது. மாம்பழம் அதே மலையின் அடிவாரத்தில் விளைகிறது. நடுவில் இருப்பது சுமார் முப்பது கிலோமீட்டர் மலைப்பாதையும் இருபது கொண்டை ஊசி வளைவுகளும்தான். இவ்வளவு அருகில் இருந்த இரண்டும் ஒரே டம்ளரில் சேர உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது.

முதலில் ஒரு சின்ன உண்மை. காப்பியும் பழம்தான். செடியில் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பழுக்கிறது. நாம் வறுத்துப் பொடிப்பது அதன் கொட்டையை. எத்தியோப்பியக் காடுகளில் பிறந்த அந்தச் செடியை 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஏமன் நாட்டு சூஃபிகள் பானமாக்கினார்கள். இரவு முழுதும் விழித்திருந்து இறைவனை நினைக்க அது துணை செய்தது. இன்றும் ஏமனில் கொட்டையை விற்றுவிட்டு, காய்ந்த பழத்தோலை இஞ்சியோடு கொதிக்கவைத்துக் குடிக்கும் பழக்கம் உண்டு. கிஷ்ர் என்று அதற்குப் பெயர். பழமும் காப்பியும் அங்கே பிரியவே இல்லை. கொட்டை மட்டும் கப்பலேறிய பிறகுதான் நாம் அந்தப் பழத்தை மறந்தோம்.

கப்பலேறிய இடம் மோக்கா துறைமுகம். 17ஆம் நூற்றாண்டில் ஹஜ் பயணம் முடித்துத் திரும்பிய பாபா புதன், ஏழு விதைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் அருகே மலையில் ஊன்றினார் என்பது நெடுநாளாக வழங்கும் கதை. அதன் பிறகு நடந்ததற்கு ஆவணமே இருக்கிறது. 1696இல் டச்சுக்காரர்கள் மலபார்க் கரையிலிருந்து காப்பிச் செடிகளை ஜாவாவுக்கு அனுப்பினார்கள். அவை வெள்ளத்தில் அழிந்தன. மனம் தளராமல் 1699இல் மறுபடி அனுப்பினார்கள். இம்முறை வேர் பிடித்தது. 1706இல் ஜாவாவிலிருந்து ஒரு செடி ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்துக்குப் போனது. அதன் வழித்தோன்றல்கள்தான் பின்னர் தென் அமெரிக்கா வரை பரவின. உலகம் புகழ்ந்த ஜாவா காப்பிக்குத் தாய்வீடு நம் மேற்குக் கரை.

பழத்தையும் குளிர்ச்சியையும் சேர்க்கும் வித்தை வேறொரு வழியில் வந்தது. பாரசீகத்திலும் துருக்கியிலும் பழச்சாற்றுப் பாகில் மலைப்பனியைக் கலந்து சர்பத் குடித்தார்கள். அக்பரின் அரண்மனையில் வெடியுப்பு கரைத்த நீரில் பாத்திரத்தைச் சுழற்றித் தண்ணீரைக் குளிர வைத்ததை அயினி அக்பரி விவரிக்கிறது.   1686இல் புரோக்கோபியோ என்ற சிசிலித் தீவுக்காரர் பாரிஸில் ஒரு கடை திறந்தார். காப்பியும் பழ ஐஸும் ஒரே கூரையின் கீழ் விற்பனைக்கு வந்தன. மேசை ஒன்றுதான், கிண்ணம் மட்டும் இரண்டு.

இனி நம் ஊர். 1820இல் எம்.டி. காக்பர்ன் சேலம் கலெக்டராக வந்தார். ஏற்காட்டின் தந்தை என்று இன்றும் அழைக்கப்படுபவர் இவர்தான். சேர்வராயன் மலையில் காப்பி பயிரானதற்கு அவர் காரணம். மேல்நாட்டுப் பழமரங்களையும் அங்கே நட்டுப் பார்த்தார். நம் மலைகளில் காப்பி தனியாக வளர்வதில்லை, நிழல் கேட்கும். ஆகவே தோட்டத்துக்குள் பலா நின்றது, கமலா ஆரஞ்சு நின்றது, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் நின்றது, அதன்மேல் மிளகுக் கொடி ஏறியது. காப்பியும் ஆரஞ்சும் ஒரே மழையில் நனைந்து ஒரே கூடைக்காரர்களின் கையால் பறிக்கப்பட்டன. ஆனாலும் ஒன்று சந்தைக்கும் மற்றது அரைவைக்கும் போய்ப் பிரிந்தன. இரண்டையும் சேர்த்துக் குடிக்க ஒரு பொருள் குறைந்தது. அது ஐஸ்.

அதற்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறையும் ஏரிகளை அறுத்து விற்பவர். 1833இல் அவருடைய பனிக்கட்டிகளை ஏற்றிய டஸ்கனி என்ற கப்பல் நான்கு மாதம் கடலில் மிதந்து கல்கத்தா சேர்ந்தது. புறப்படும்போது 180 டன். வந்து சேர்ந்தது சுமார் 100 டன். மரத்தூள் போர்த்தியே பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வைத்துவிட்டார். 1842இல் சென்னைக் கடற்கரையில் அந்தப் பனியைச் சேமிக்க ஒரு வட்டக் கட்டடம் எழுந்தது. அதுதான் ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம் ஆகிவிட்டது. அமெரிக்க ஏரியும் ஏற்காட்டுக் காப்பியும் 1842இல் ஒரே மாகாணத்தில் இருந்தன என்று நினைத்துப் பார்க்கவே வியப்பாக இருக்கிறது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, அதாவது 1840 பிப்ரவரியில், காப்பி வேறோர் இடத்தில் குளிர்ந்தது. அல்ஜீரியாவின் மசக்ரான் கோட்டையில் 123 பிரெஞ்சு வீரர்களை அப்துல் காதிரின் படை முற்றுகையிட்டது. காப்பியில் கலக்க வேறெதுவும் கிடைக்காமல் அவர்கள் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக் குடித்தார்கள் என்பது வழிவழிக் கதை. ஊர் திரும்பியவர்கள் பாரிஸ் கடைகளில் அதையே உயரமான கண்ணாடிக் குவளையில் கேட்க, கோட்டையின் பெயரே பானத்தின் பெயராயிற்று. போர்த்துகலுக்குப் போனபோது அதில் எலுமிச்சை விழுந்தது. ஸ்பெயினின் வாலன்சியாவில் இன்றும் கருங்காப்பி, ஐஸ், ஒரு வில்லை எலுமிச்சை என்று மேசைக்கு வருகிறது. பழம் சேர்ந்த குளிர்காப்பியின் முன்னோடி இதுதான். எலுமிச்சை இனத்தின் பூர்விகமோ இமயமலை அடிவாரம். அரபு வணிகர்களும் உழவர்களும் அதை மேற்கே கொண்டுபோய் மத்தியதரைக் கடலோரம் நட்டார்கள். அரபு நாட்டுக் காப்பியும் ஆசியப் பழமும் ஐரோப்பாவில் கை குலுக்கின.

தமிழ்நாட்டில் ஏன் குலுக்கவில்லை? நம் வீடுகளுக்குள் காப்பி வந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். வந்ததும் அது பாலோடும் சர்க்கரையோடும் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானமாக நிலைபெற்றது. முந்தைய தலைமுறை அதைச் சந்தேகத்தோடு பார்த்ததையும், பிறகு அதுவே நடுத்தர வர்க்கத்தின் அடையாளமானதையும் ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூல் விரிவாகச் சொல்கிறது. கூடவே சிக்கரி. நெப்போலியன் 1806இல் ஆங்கிலேயச் சரக்குக்குத் தடை போட்டபோது காப்பி கிடைக்காத ஐரோப்பியர்கள் கலந்துகொண்ட வேர் அது. தடை நீங்கியும் பழக்கம் நீங்காமல் நம் ஃபில்டருக்குள்ளும் இறங்கிவிட்டது. சிக்கரியின் கனத்த கசப்பு பாலோடு அழகாகப் பொருந்தும். பழத்தின் மணத்தை மட்டும் அமுக்கிவிடும். போதாக்குறைக்கு ஐஸ் பெரிய மனிதர்களின் பண்டமாகவே இருந்தது.

அது மலிந்த விதம் சுவையானது. 1870களில் நீராவி இயந்திரத்தால் சென்னையிலேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் டியூடரின் கடல் வணிகம் படுத்தது. சேலத்துப் பக்கம் திருப்பம் தந்தது காவிரி. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. 1937இல் அங்கிருந்து மின்சாரம் பாயத் தொடங்கியது. மின்சாரம் இருந்தால் அந்தந்த ஊரிலேயே ஐஸ் உறையும். பாஸ்டன் ஏரியின் வேலையைக் காவிரித் தண்ணீர் எடுத்துக்கொண்டது. பாளம் பாளமாக ஐஸ் சைக்கிளில் ஏறி நன்னாரி சர்பத் கடைக்கும் ரோஸ் மில்க் கடைக்கும் போனது. காப்பி மட்டும் சூடாகவே நின்றது.

குளிர்காப்பிக்கு அடுத்த தள்ளு ஒரு தற்செயல். 1957இல் கிரேக்க நாட்டு தெசலோனிக்கி பொருட்காட்சியில் நெஸ்லே ஊழியர் திமித்ரிஸ் வாகோந்தியோஸ் தம் இடைவேளைக் காப்பிக்கு வெந்நீர் தேடினார். கிடைக்கவில்லை. குழந்தைகளுக்கான சாக்லேட் பானம் கலக்கும் குடுவையில் காப்பித்தூளையும் குளிர்ந்த நீரையும் போட்டுக் குலுக்கினார். நுரை பொங்கியது, கிரேக்கத்துக்கு ஒரு தேசிய பானம் கிடைத்தது. பிறகு வந்தவை நகல்களும் நகலின் நகல்களும். பாஸ்டனில் ஒரு காப்பிக் கடைக் குழுமம் உருவாக்கிய ஃபிராப்புச்சினோ என்ற பெயரை, 1994இல் அந்தக் குழுமத்தையே வாங்கி ஸ்டார்பக்ஸ் எடுத்துக்கொண்டது. அதே காலத்தில் அந்த நிறுவனம் பெப்சியோடு சேர்ந்து மசக்ரான் என்று சோடாக் காப்பி ஒன்றை விற்றுப் பார்த்தது, அது தோற்றது. அதற்குப் பதிலாகப் புட்டியில் அடைத்த ஃபிராப்புச்சினோ வெற்றி பெற்றது. பெங்களூர் பிரிகேட் சாலையில் 1996இல் திறந்த கஃபே காபி டே வழியாக அந்தச் சுவை நம் கல்லூரி மாணவர்களை எட்டியது.

இதற்கிடையில் ஜாவாவில் சத்தமில்லாமல் ஒன்று நடந்திருந்தது. மலபாரிலிருந்து போன செடி செழித்த அதே தீவில், மெக்சிகோ பக்கத்துப் பழமான பட்டர் ஃப்ரூட்டை ஐஸோடு அடித்து அதன்மேல் காப்பியை ஊற்றிக் குடிக்கிறார்கள். அந்தப் பட்டர் ஃப்ரூட் நம் சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களிலும் காய்க்கிறது. செடி இங்கிருந்து போனது, மரம் இங்கேயே நிற்கிறது, செய்முறை மட்டும் அங்கிருந்து வர வேண்டியிருந்தது.

வீட்டுச் சமையலறைக்குள் வரக் கடைசியாக ஒரு கருவி வேண்டும். ஐரோப்பிய மிக்சர்கள் நம் ஊர்ச் சட்னிக்கும் மாவுக்கும் தாக்குப்பிடிக்கவில்லை. அதனால் 1960களில் பம்பாய்ப் பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூர், இந்தியச் சமையலுக்கென்றே வலுவான மோட்டாரோடு சுமீத் மிக்சியை உருவாக்கினார். 2011இல் தமிழ்நாடு அரசு குடும்ப அட்டைதாரர் வீட்டுப் பெண்களுக்கு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியது. பழக்கூழ் அடிக்கும் வசதி ஜூஸ் கடையை விட்டு ஓட்டு வீட்டுக்கும் வந்தது.

இப்போது செய்முறைக்கு வருவோம். புளிப்புப் பழமா, இனிப்புப் பழமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாலிலுள்ள கேசீன் புரதம் புளிப்பு ஏறி 4.6 பி.ஹெச். அளவுக்கு வந்தால் திரிந்துவிடும். ஆகவே ஆரஞ்சு, எலுமிச்சைக்குப் பால் சேர்க்கக் கூடாது, கருங்காப்பியே சரி. நன்றாகப் பழுத்த மல்கோவா, சேலம் குண்டு, பரமத்தி வேலூர் வாழை, பட்டர் ஃப்ரூட் ஆகியவை பாலோடு ஒத்துப்போகும். எல்லாமே குளிர்ந்திருக்க வேண்டும், கலந்ததும் குடித்துவிட வேண்டும். கொல்லிமலை அன்னாசி மணத்தில் ராணி. ஆனால் அதிலுள்ள புரோமிலைன் நொதி பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கும். துண்டுகளை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் நொதி அடங்கிவிடும்.

காப்பித்தூள் சிக்கரி இல்லாததாக இருக்கட்டும். ஃபில்டரில் இறக்கிய டிகாஷனைவிட, கொரகொரப்பாக அரைத்த 100 கிராம் தூளை 800 மில்லி குளிர்ந்த நீரில் பன்னிரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் ஊறவைத்து வடிகட்டுவது நல்லது. கசப்பு குறைந்து பழவாசனை தூக்கும். அதில் கொஞ்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் கட்டி உருகினாலும் காப்பி நீர்த்துப்போகாது. குளிர்ந்த பானத்தில் சர்க்கரை லேசில் கரையாது, நாக்குக்கும் இனிப்பு மந்தமாகவே தெரியும். எனவே முன்னதாகவே பாகு காய்ச்சிக்கொள்ள வேண்டும். பிலிக்கல்பாளையம் வெல்லத்தில் காய்ச்சிய பாகு ஆரஞ்சுக்கும் அன்னாசிக்கும் அருமையாகச் சேரும்.

இந்த நெடும்பயணத்தில் காப்பி தங்கிய ஊரெல்லாம் ஒரே காரியத்தைத்தான் செய்தது. வந்த பானத்தை வாங்கிக்கொண்டு தன் தோட்டத்தில் விளைந்ததை அதில் போட்டது. வாலன்சியா எலுமிச்சையைப் போட்டது, ஜாவா பட்டர் ஃப்ரூட்டைப் போட்டது. நமக்கோ மலையும் சமவெளியும் சேர்ந்து கொடுக்கின்றன: கோடையில் மாம்பழமும் பலாவும், குளிர்காலத்தில் மலை ஆரஞ்சு, ஆண்டு முழுதும் வாழை. வெளியூர்ப் படத்தைப் பார்த்து ஸ்ட்ராபெரி எசென்ஸ் தேட வேண்டியதில்லை. கடையில் ஏற்காட்டுத் தூள், கொல்லிமலைத் தூள் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவோம். கேட்பவர் பெருகினால் தோட்டக்காரர் அந்தப் பெயரிலேயே விற்பார், விலையும் அவர் கைக்குப் போகும். அப்போது சேலம் மாம்பழக் காப்பியை நகலெடுக்க வேறு ஊர்கள் வரும்.