அகமதாபாத் கூட்டிப் பார்த்த கணக்கு

2010 மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. கட்டட வேலையில் சுருண்டு விழுந்தவருக்கும், தகரக் கூரையின் கீழ் தூக்கத்திலேயே போய்விட்ட முதியவருக்கும் இறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் மாரடைப்பு, மூச்சுத்திணறல் என்றுதான் எழுதுவார்கள். வெயில் என்று எழுதுவது அபூர்வம்.

ஆனால் 1969-ம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு இறப்பையும் பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பதிவேடு மாநகராட்சியிடமே இருந்தது. ஆய்வாளர்கள் காரணத்தைத் தள்ளிவிட்டு, எண்ணிக்கையை மட்டும் கூட்டினார்கள். அந்த மே மாதத்தில் 4,462 இறப்புகள். 2009, 2011 மே மாதங்களை வைத்துப் பார்த்தால் வழக்கமாக இருந்திருக்க வேண்டியது 3,118. வித்தியாசம் 1,344. வங்கியில் பத்து ரூபாய் டாலி ஆகாவிட்டாலும் வீட்டுக்கு விடமாட்டார்கள். இங்கே விடுபட்டிருந்தது 1,344 உயிர்கள்.

காலநிலைத் திட்டம் தீட்ட உள்ளாட்சிகளைத் தூண்டுவது உலக மாநாடுகளும் மத்திய அரசின் நிதியும்தான் என்று பலர் சொல்வார்கள். அகமதாபாத்தில் வேலை செய்தது இந்த வித்தியாசம்தான் என்பது என் எண்ணம். இன்னொன்று, ஆஸ்பத்திரியும் அதே மாநகராட்சியுடையது. அதன் சாரதாபென் மருத்துவமனையில் பிரசவ வார்டு மேல்மாடியில், கூரைக்கு நேர் கீழே இருந்தது. வெயில் நாட்களில் பச்சிளம் குழந்தைகள் உடல் சூடேறித் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியதும் அப்படிச் சேர்க்கப்படுவோர் பாதிக்கும் மேல் குறைந்தார்கள். யாரிடமும் நிதி கேட்டுக் காத்திருக்க வேண்டிய வேலையா இது?

காந்திநகர் பொதுச் சுகாதார நிறுவனமும் அமெரிக்காவின் என்.ஆர்.டி.சி. அமைப்பும் துணை நிற்க, 2013-ல் மாநகராட்சி வெப்பச் செயல்திட்டத்தை வெளியிட்டது. தெற்காசியாவில் இதுவே முதல். 41 டிகிரிக்கு மஞ்சள், 43-க்கு ஆரஞ்சு, 45-க்குச் சிவப்பு எச்சரிக்கை. எச்சரிக்கை வந்தால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும், தண்ணீர்ப் பந்தல் எங்கே, ஆம்புலன்ஸ் எங்கே என்று ஒவ்வொரு துறைக்கும் பொறுப்பு பிரித்துக் கொடுக்கப்பட்டது. குடிசைவாசிகள், வெட்டவெளியில் உழைப்பவர்கள், முதியோர், குழந்தைகள் என முதலில் கவனிக்க வேண்டியவர்களைத் திட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. பொத்தாம்பொதுவாக 'பொதுமக்கள்' என்று எழுதியிருந்தால் குளிர்சாதன அறையில் இருப்பவரும் அதில் அடங்கிவிடுவார்.

2015 கோடையில் ஆந்திரா, தெலங்கானாவில் வெப்ப அலைக்கு ஆயிரக்கணக்கானோர் பலியான பிறகு, 2016-ல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெப்ப அலைக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அடுத்த ஆண்டு அகமதாபாத் குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கியது.