கட்டத் தெரிந்தவர், உறுதி இல்லாதவர்

2024 பெப்ரவரி 4, காலிமுகத்திடலில் நடந்த சுதந்திர தின விழாவுக்கு விருந்தினராக வந்திருந்த அந்த உயரமான மனிதரை எங்களில் எத்தனை பேர் கவனித்தோம்? அவர் தாய்லாந்துப் பிரதமர் ஸ்ரெத்தா தவிசின். இலங்கை - தாய்லாந்து சுதந்திர வர்த்தக உடன்படிக்கை முதல்நாள்தான் கொழும்பில் கைச்சாத்தாகியிருந்தது. ஆறு மாதம் கழிய ஆள் பதவியில் இல்லை. தேர்தலில் தோற்கவில்லை, இராணுவமும் ஆட்சியைப் பிடிக்கவில்லை. நீதிமன்றம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

இவரைப் பற்றி எழுத எங்களுக்கு ஒரு காரணம் இருக்கு. "நாட்டை ஒரு கொம்பனி மாதிரி நடத்த, வியாபாரம் தெரிஞ்ச ஒருத்தர் வந்தாச் சரி" எண்டு எங்கட ஊரிலும் அடிக்கடி சொல்லுவார்கள். தாய்லாந்தில் அப்படி ஒருவர் உண்மையாகவே வந்தார்.

ஸ்ரெத்தா 1962இல் பாங்கொக்கில் பிறந்தவர். அமெரிக்காவில் பொருளியலும் வணிக நிர்வாகமும் படித்துவிட்டு வந்து, ஒரு பல்தேசியக் கம்பனியில் வேலை பார்த்தார். 1988இல் உறவினரோடு சேர்ந்து காணி, கட்டட வியாபாரத்தில் இறங்கினார். அந்தக் கம்பனிதான் பிறகு 'சன்சிரி' ஆனது.

1997 ஜூலை 2 அன்று பாத் நாணயம் மிதக்கவிடப்பட, பொருளாதாரம் சரிந்தது. கடன் வாங்கி எழுப்பிய கட்டடங்கள் பாங்கொக் முழுக்க அரைகுறையாக நின்றன. எத்தனையோ கம்பனிகள் மூழ்கின. சன்சிரி தப்பியது, தொடர்மாடிகளும் வீட்டுத் திட்டங்களுமாக நாட்டின் பெரிய கட்டுமானக் கம்பனிகளில் ஒன்றாக வளர்ந்தது. கெட்டிக்காரன் எண்ட பேர் ஸ்ரெத்தாவுக்குச் சும்மா வரவில்லை.

அரசியலில் அவர் தக்சின் ஷினவத்ர குடும்பத்துக்கு நெருக்கமானவர். தக்சினின் தங்கை யிங்லக்கும் 2011இல் பிரதமராகும் முன்னர் தங்கள் குடும்பத்தின் காணி, கட்டடக் கம்பனியை நடத்தியவர்தான். 2023இல் பியூ தாய் கட்சி அறிவித்த மூன்று பிரதமர் வேட்பாளர்களில் ஒருவராக ஸ்ரெத்தா களத்துக்கு வந்தார்.

கதை சிக்கலாவது இங்கதான். 2023 மே 14 தேர்தலில் முதலிடம் பியூ தாய்க்கு இல்லை. இளையோர் ஆதரவோடு வந்த மூவ் ஃபோர்வர்ட் கட்சி 151 ஆசனங்களை வென்றது. பியூ தாய்க்கு 141. ஆனால் பிரதமரைத் தெரிவதில், இராணுவ ஆட்சி நியமித்த 250 செனட்டர்களுக்கும் வாக்கு இருந்தது. மூவ் ஃபோர்வர்டின் தலைவர் பீட்டாவை அவர்கள் மறித்தார்கள். பிறகு பியூ தாய், சேரமாட்டோம் என்று பிரசாரத்தில் சொன்ன அதே இராணுவச் சார்புக் கட்சிகளோடு கூட்டுச் சேர்ந்தது. ஓகஸ்ட் 22இல் ஸ்ரெத்தா 482 வாக்குகளோடு பிரதமரானார். 15 வருடம் வெளிநாட்டில் இருந்த தக்சின் நாடு திரும்பியதும் அதே நாள்தான்.

பிரதமராக இருந்தும் அவர் கட்டுமானக்காரர் போலத்தான் யோசித்தார். 70 இலட்சம் பாத் வரையான வீடுகளுக்கு உரிமை மாற்றும் கட்டணத்தை 2 வீதத்திலிருந்து 0.01 வீதமாகக் குறைத்தார். தொடர்மாடிகளில் வெளிநாட்டவர் வைத்திருக்கக்கூடிய பங்கை 49 வீதத்திலிருந்து 75 வீதமாக்கலாமா என்று ஆராயச் சொன்னார். ஆளுக்கு 10,000 பாத் டிஜிட்டல் பணம் என்பது கட்சியின் பெரிய வாக்குறுதி. அவரது காலத்தில் அந்தப் பணம் யாருக்கும் போய்ச் சேரவில்லை. மத்திய வங்கியோடும் இழுபறி. கம்பனியில் தலைவர் சொன்னால் வேலை நடக்கும். அரசாங்கத்தில் அப்படி இல்லை.

விழுத்தியது ஒரு நியமனம். 2024 ஏப்ரலில் பிச்சித் சுயன்பான் என்ற சட்டத்தரணியை ஸ்ரெத்தா அமைச்சராக்கினார். 2008இல் தக்சின் குடும்பத்தின் காணி வழக்கில், நீதிமன்ற ஊழியர்களுக்கு 20 இலட்சம் பாத் கொடுக்க முயன்ற விவகாரத்தில் நீதிமன்ற அவமதிப்புக்காக 6 மாதம் சிறை போனவர் இவர். 40 செனட்டர்கள் முறையிட்டார்கள். பிச்சித் விலகிக்கொண்டார், ஆனாலும் வழக்கு நிற்கவில்லை. ஓகஸ்ட் 14இல் அரசியலமைப்பு நீதிமன்றம் 5க்கு 4 என்று ஸ்ரெத்தாவைப் பதவி நீக்கியது. 16 வருடத்தில் அந்த நீதிமன்றம் இறக்கிய நான்காவது பிரதமர் அவர். அதற்கு ஒரு கிழமை முதல்தான் மூவ் ஃபோர்வர்ட் கட்சியையும் அதே நீதிமன்றம் கலைத்திருந்தது. இரண்டு நாளில் தக்சினின் மகள் பிரதமரானார். அடுத்த வருடம் அவரையும் அதே நீதிமன்றம் இறக்கியது.

அந்த நியமனம் பிழையில்லை எண்டு நாங்கள் சொல்லவரவில்லை. ஆனால் மக்கள் தெரிவு செய்யாத ஒன்பது பேரில் ஒரு வாக்கு வித்தியாசம் அரசாங்கத்தைக் கவிழ்க்குமென்றால், பிரச்சினை ஒரு மனிதரின் திறமையில் இல்லை.

வீடு கட்ட முதல் காணியின் உறுதி யாரின்ர பேரில எண்டு பார்ப்பது கட்டுமானத் தொழிலின் முதற்பாடம். 35 வருடம் அந்தத் தொழிலில் இருந்தவர், அரசியலில் மற்றவர்களின் காணியில்தான் வீடு கட்டினார். கதிரை தக்சினின் கட்சி கொடுத்தது, வாக்கு இராணுவம் நியமித்த செனட் கொடுத்தது, உறுதி நீதிமன்றத்தின் கையில் இருந்தது. அவருக்கென்று வாக்களித்த மக்கள் கூட்டம் பின்னால் இருக்கவில்லை. அதனால்தான் இறக்கியபோது தெருவுக்கு வர ஆளும் இருக்கவில்லை.

ஆகவே அடுத்தமுறை யாராவது "நல்ல நிர்வாகி ஒருத்தர் வந்தாக் காணும்" எண்டு சொன்னால், ஆளின் திறமையை விசாரிக்க முதல் ஒன்றைக் கேட்போம்: உறுதி யாரிட்ட இருக்கு?