தொழிலாளர் மேடைத்தமிழ்: தூத்துக்குடியும் பெரம்பூரும் (1908–1921)

சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை எனத் திருக்குறளின் பொருட்பால் பேச்சுக்கலைக்குத் தனித்தனி அதிகாரங்களை வகுத்துள்ளது. ஆயினும் அவ்வதிகாரங்கள் கருதும் அவை கற்றோர் அவையே. பேசுவோன் அமைச்சன், கேட்போர் அரசனும் சான்றோரும். எழுத்தறியாத பல்லாயிரவர் கூடிய திறந்தவெளியில், அவர்தம் கூலியையும் ஓய்வையும் பொருளாக்கிப் பேசும் மரபு தமிழுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் வாய்த்தது. அம்மரபு உருவான முறையும், அதனை ஆட்சியும் முதலாளியும் எதிர்கொண்ட முறையும் தமிழ் உரைநடை வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை.

1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கடற்கரையில் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தொடர்ந்து சொற்பொழிவாற்றினர். அம்மாதம் 27ஆம் நாள் ஹார்வி நிறுவனத்தாரின் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்தம் கோரிக்கைகள். மார்ச்சு முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கிவந்தது. ஆனால் மார்ச்சு 12ஆம் நாள் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். சூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே சிவாவுக்குப் பத்தாண்டும், அவருக்கு உடந்தையாயிருந்தமைக்கும் தாமே பேசியமைக்குமாகச் சிதம்பரனாருக்கு வாழ்நாள் தண்டனையும் விதித்தார். மேல்முறையீட்டில் இத்தண்டனைகள் குறைக்கப்பட்டன.

இவ்வழக்கில் குற்றப்பொருள் ஆயுதமன்று, சொல். காவல் துறையினர் எடுத்த பேச்சுக் குறிப்புகளே சான்றாக முன்வைக்கப்பட்டன. ஆகவே அன்றைய கடற்கரைத் தமிழ் இன்று நமக்குப் பெரும்பாலும் நீதிமன்ற ஆவணங்களின் ஆங்கில வடிவிலேயே கிடைக்கிறது. குற்றஞ்சாட்டும் நோக்குடன் எழுதப்பட்ட குறிப்பிலிருந்து ஒரு பேச்சின் நடையை மீட்பது எளிதன்று. சிதம்பரனார் பின்னாளில் ஆலைப் போராட்டத்தைத் தம் சுயசரிதையில் அகவலில் பாடினார் என்பது உண்மையே. எனினும் மேடைத்தமிழ் வேறு, அகவல் வேறு.

பத்தாண்டுகள் கழித்துச் சென்னைப் பெரம்பூரில் அமைந்த மேடையின் தோற்றம் முற்றிலும் வேறுபட்டது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளுக்கு அருகில் வணிகம் செய்துவந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் ஸ்ரீவேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்னும் வைணவ சபையை நடத்திவந்தனர். பக்திச் சொற்பொழிவு கேட்க வந்தவருள் ஆலைத் தொழிலாளர் பலர். கதை முடிந்தபின் அவர்கள் பேசிய பேச்சு நண்பகல் உணவுக்குப் போதிய நேரமின்மையையும் மேலாளரின் கடுமையையும் பற்றியதாக இருந்தது. 1918 மார்ச்சு 2ஆம் நாள் ஜங்காராமாயம்மாள் தோட்டத்தில் கூடிய கூட்டத்திற்கு அவர்கள் அழைத்தது தேசபக்தன் ஆசிரியராயிருந்த திரு.வி. கலியாணசுந்தரனாரை. அடுத்த மாதம் 27ஆம் நாள் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவரானார்.

தற்காலத் தமிழ் மேடைப்பேச்சின் வேரைச் சீர்திருத்தக் கிறித்தவரின் மறையுரையில் காண்பவர் பெர்னார்ட் பேட். அக்கருத்து வலுவுடையது. 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் தொடங்கிய சைவப் பிரசங்கமும் அம்முறைக்கு எதிர்வினையாக, அதன் உத்திகளையே ஏற்று எழுந்ததுதான். திரு.வி.க. வெஸ்லி பள்ளியில் பயின்றவர். அங்கேயே தமிழாசிரியராகவும் இருந்தவர். அவருடைய ஆசானோ சைவ வாதங்களில் பெயர்பெற்ற யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை. கிறித்தவ வகுப்பறை, சைவப் பிரசங்கம் என்னும் இரு பயிற்சியும் பெற்ற ஒருவர் வைணவ சபை திரட்டித் தந்த கூட்டத்தின் முன் நின்று தொழிற்சங்கம் பேசினார். சமய மேடையே தொழிலாளர் மேடையாக மாறிய இடம் இது.

வாடியாவோ பார்சி இனத்தவர், தமிழறியாதவர். அவர் ஆங்கிலத்தில் பேச, திரு.வி.க. தமிழில் பெயர்த்துரைப்பார். வாடியாவின் உரைகள் 1921இல் ஆங்கில நூலாக வெளிவந்தன. தொழிலாளர் காதில் விழுந்த தமிழ் அந்நூலில் இல்லை. தூத்துக்குடியில் தமிழ்ப்பேச்சு ஆங்கிலக் குறிப்பாயிற்று. பெரம்பூரில் ஆங்கிலப்பேச்சு தமிழாகி, பின் ஆங்கிலமாகவே அச்சேறியது. இருமுறையும் இழப்பு தமிழுக்கே. தேசபக்தன் தலையங்கங்களின் தொகுப்பாகிய தேசபக்தாமிர்தம் கொண்டு அம்மேடைநடையை ஓரளவு உய்த்துணரலாம். எழுத்தும் பேச்சும் அவரிடம் அதிகம் விலகியிருக்கவில்லை என்பதே இதற்கு ஆதாரம்.

அம்மேடை எந்நேரமும் கிளர்ச்சிக்குத் தூண்டியது என்று எண்ணுதல் பிழை. போர்க்காலமாதலின், படைக்குத் துணி நெய்யும் ஆலைகளில் வேலைநிறுத்தம் கூடாது என வாடியா தொழிலாளரைத் தடுத்துப் பேசினார். சினந்திருக்கும் கூட்டத்தைப் பொறுத்திருக்கச் செய்வது எழுப்பிவிடுவதினும் கடினமான சொல்வன்மை. அச்சொல்லை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகச் செய்துமுடித்தது வியப்புக்குரியது.

ஆயினும் நிர்வாகம் அஞ்சியது இச்சொல்லாற்றலையே. 1920 இறுதியில் பக்கிங்காம் ஆலை கதவடைப்பின்போது பின்னி நிறுவனத்தார் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். தொழிலாளர் தம் வேலை ஒப்பந்தத்தை மீறும்படி வாடியாவும் பிறரும் தூண்டினர் என்பது வழக்கு. நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. 1908இல் அரசுக்கெதிரான குற்றமாகக் கருதப்பட்ட பேச்சு, இப்போது முதலாளியின் ஒப்பந்த உரிமைக்கு இழைத்த தீங்காகக் கருதப்பட்டது. 1921இல் வாடியா சங்கத்திலிருந்து விலகுவது என்னும் உடன்பாட்டின் பேரில் வழக்குக் கைவிடப்பட்டது. பேச்சாளரை மேடையிலிருந்து இறக்குவதே சமரசத்தின் விலையாயிற்று.

அவ்வாண்டு கோடையில் தொடங்கி அக்டோபர் வரை நீண்ட வேலைநிறுத்தம் மேடைத்தமிழின் எல்லையைக் காட்டியது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் சாதிப்பூசலும் தீவைப்பும் நிகழ்ந்தன; ஆகஸ்டு 29ஆம் நாள் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பறிபோயின. ஆளுநர் வெலிங்டன் திரு.வி.க.வை நாடுகடத்துவதாக எச்சரித்தார். பிளவுக்கு அரசின் சூழ்ச்சியையே காரணமாகச் சொல்வது சங்கத்தார் வழக்கம். அது முழு விடையாகாது. முந்திய கதவடைப்பின் பட்டினியை ஓராண்டுக்குள் மீண்டும் தாங்கும் வசதி அம்மக்களுக்கு இல்லை, எம்.சி. ராஜா போன்றோரின் அறிவுரையும் வேறாயிருந்தது. தொழிலாளர் என்னும் ஒற்றைச்சொல் மேடையில் எல்லாரையும் அணைத்துக்கொண்டது. சேரியிலும் அச்சொல் அதே பொருளைத் தந்ததா என்பது ஐயத்திற்குரியது. பக்தி சபை வழியே கூட்டப்பட்ட அவையில் ஆதிதிராவிடர் எவ்விடத்தில் நின்று கேட்டனர் என்னும் வினாவைத் திரு.வி.க. ஆய்வாளர்கள் இதுவரை போதிய அளவு எழுப்பவில்லை.

பின்னி வழக்கின் அதிர்ச்சியால் 1921 மார்ச்சில் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் தொழிற்சங்கப் பாதுகாப்புக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஐந்தாண்டுகளுக்குப்பின் நிறைவேறிய 1926ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சங்கச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, தொழில்தகராற்றை ஒட்டிய ஒரு செயல் வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறது என்பதை மட்டுமே காரணங்காட்டிப் பதிவுபெற்ற சங்கத்தின் மீதோ அதன் பொறுப்பாளர் மீதோ வழக்குத் தொடுக்க இயலாது என விதித்தது. அப்போது வாடியா தொழிற்சங்கப் பணியிலிருந்து முற்றும் நீங்கியிருந்தார். திரு.வி.க. பெரம்பூரில் பேசிக்கொண்டிருந்தார்.