பொன்னழகி

பொன்னழகி (திராய்டிசு மைனாசு) என்பது மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்கே உரிய, அழகுக் குடும்பத்தைச் சேர்ந்த பட்டாம்பூச்சியாகும். 140 முதல் 190 மி.மீ. வரை சிறகு விரியும் இது தென்னிந்தியப் பட்டாம்பூச்சிகளுள் மிகப் பெரியது. முன்சிறகு கறுப்பாகவும் பின்சிறகு கரிய நரம்புகளோடு பொன்மஞ்சளாகவும் அமைய, ஆணினும் பெரிதான பெண்ணின் பின்சிறகில் முக்கோணக் கரும்புள்ளிகள் வரிசையாகக் காணப்படும். பசுமைமாறாக் காடுகளிலும் இலையுதிர் காடுகளிலும் மரமுகட்டை ஒட்டிப் பறக்கும் இது, பூந்தேன் நாடித் தோட்டங்களுக்கும் வரும்.

பெண்பூச்சி ஈசுவரமூலி முதலிய கொடிகளில் தனித்தனியே முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு அவ்விலைகளைத் தின்று, அவற்றிலுள்ள நச்சுப்பொருளை உடலில் சேர்த்துக்கொள்கிறது. சீண்டினால் தலைக்குப் பின்னிருந்து கவைவடிவ நாற்ற உறுப்பை நீட்டும். பலமுறை தோலுரித்து வளர்ந்தபின் பட்டிழையால் தன்னைத் தண்டோடு பிணைத்துக் கூட்டுப்புழுவாகிறது. புழுப்பருவத்தில் சேர்ந்த நச்சு முதிர்பூச்சியிலும் நீடிப்பதால், கொன்றுண்ணிகள் பலவும் இதனைத் தவிர்க்கின்றன. எனவே, உணவுக்கொடிகளைக் காப்பதே இவ்வினத்தைக் காக்கும் முதன்மை வழியாகும்.