காற்றில் கலையும் இதழ்கள்

1794-இல் பாரிசுக்கும் லீலுக்கும் இடையே க்ளோத் ஷாப் நிறுவிய தந்தியில் கம்பியே கிடையாது. உயரமான கோபுரங்கள், அவற்றின் மேல் மரக்கைகள், அவ்வளவுதான். கைகளை மடக்கி ஒரு வடிவம் காட்டினால், அடுத்த கோபுரத்து ஆள் தொலைநோக்கியில் பார்த்து அதே வடிவத்தைத் தன் மரக்கைகளில் வைப்பான். செய்தி என்னவென்று அவனுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. மூடுபனி இறங்கினால் அன்றைக்கு வேலை இல்லை. (துய்மாவின் மாண்டி கிறிஸ்டோ பிரபு லஞ்சம் கொடுத்து மடக்குவது இப்படியொரு ஆளைத்தான்.)

1880-இல் வாஷிங்டனில் கிரகாம் பெல் சூரிய ஒளியில் குரலை ஏற்றி 213 மீட்டர் தூரம் அனுப்பினார். மேகம் வந்தால் அவரும் சும்மா உட்கார வேண்டியதுதான். பிறகு கண்ணாடி இழை வந்தது, ஒளியைக் காற்றிலிருந்து பிரித்துத் தனக்குள் வைத்துக்கொண்டது.

1992-இல் லைடனில் லெஸ் ஆலனும் சகாக்களும், திருகுபோல முறுக்கிய லேசர் கற்றை கோண உந்தம் சுமக்கும் என்று காட்டினார்கள். எத்தனை முறுக்கு என்பதையே ஓர் எழுத்தாக வைத்துக்கொள்ளலாம். எதிரெதிராக முறுக்கிய இரண்டு கற்றைகளைச் சேர்த்தால் திரையில் பூவிதழ் மாதிரி ஒளிப்புள்ளிகள் விழும். 3 முறுக்கென்றால் 6 இதழ். ஷாப்பின் மரக்கை திரும்பி வந்த மாதிரிதான். பழைய எதிரியும் கூடவே வந்தது. சூடும் குளிருமாகக் கலங்கும் காற்று இதழ்களைப் பிய்த்துப் போட்டுவிடும்.

என்னைப் போல கோட் எழுதிப் பிழைக்கிறவனுக்கு முதலில் கை போகும் இடம் பாதை. அதைச் சரிசெய், நெளியும் ஆடி வைத்து அலையை நிமிர்த்து என்றுதான் தோன்றும். 2014-இல் வியன்னாவில் மாரியோ கிரென், ஆன்டன் சைலிங்கர் குழு பாதையைத் தொடவில்லை. நகரத்தின் மேலே 3 கிலோமீட்டர் பச்சை லேசர், மறுமுனையில் கேமரா, பக்கத்தில் ஒரு நரம்பியல் வலை. சிதைந்த படங்களைக் காட்டிக் காட்டி அதைப் பழக்கினார்கள். 16 வடிவங்களில் அது தவறியது 1.7 சதவீதம்தான். மொசார்ட், போல்ட்ஸ்மான், ஷ்ரோடிங்கர் முகங்கள் சாம்பல் நிறச் சாயல்களாகக் காற்றில் போயின. ஊர்ப்பாசம்!

அடுத்து கேனரி தீவுகள். லா பால்மாவிலிருந்து டெனரீஃபுக்கு, கடலுக்கு மேலே 143 கிலோமீட்டர். அனுப்பியது எங்கள் தொழிலின் முதல் வாக்கியமான 'ஹலோ வேர்ல்ட்!'. 2016-இல் வெளியான முடிவில் பிழை 8.33 சதவீதம், அதாவது 12-க்கு ஒன்று.

வேகத்தை வைத்து இதை இழையோடு ஒப்பிடுவது அபத்தம். எனக்கு இதில் முக்கியம் வேறு: முறுக்கிய ஒளி திறந்த காற்றில் தாங்காது என்ற சந்தேகத்துக்கு, ஒளியை மாற்றாமல் படிக்கிறவனை மாற்றிப் பதில் சொன்னார்கள். ஷாப்பின் கோபுரத்து ஆளைப் போலவே அந்த வலைக்கும் செய்தி புரியாது. ஆனால் கலைந்த கையையும் அது கை என்று அடையாளம் காணும்.

மூடுபனி மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. கலங்கிய காற்று இதழை நெளிக்கும். பனித்துளியோ ஒளியை நாலாபக்கமும் தெறிக்கவிடும், இதழே மிஞ்சாது. மிஞ்சுவது பொறிப்பொறியான இரைச்சல். அந்த இரைச்சலையே வலைக்குக் காட்டி, இது எத்தனை முறுக்கு என்று கேட்கும் சோதனைகள் இப்போது ஆய்வகங்களில் நடக்கின்றன.