ஆங்கிலத்தில் அண்மைச் சொற்கள்

அண்மையைக் குறிக்கும் 'நியர்' என்ற ஆங்கிலச் சொல், தோற்றத்தில் 'மேலும் அண்மையில்' எனப் பொருள்பட்ட ஒப்பீட்டு வடிவமாகும். பழைய ஆங்கிலத்தில் அண்மைக்குரிய அடிச்சொல் 'நேயாஹ்' என்பதே. 'நேயார்' அதன் ஒப்பீட்டு வடிவம். மிக அண்மையிலுள்ளதைச் சுட்டிய அதன் உச்ச வடிவமே இன்றைய 'நெக்ஸ்ற்'.

9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் ஸ்கந்திநேவியர் குடியேறினர். அவர்தம் மொழியிலோ இதனையொத்த ஒப்பீட்டுச் சொல் வெறும் அண்மையையே சுட்டிற்று. அச்செல்வாக்கும் துணைபுரிய, 'நியர்' தன் ஒப்பீட்டுப் பொருளை இழந்தது. பின்னர் அதன்மேல் மீண்டும் விகுதி சேர்த்து 'நியரர்' எனப் புதிய ஒப்பீட்டு வடிவம் ஆக்கப்பட்டது. அடிச்சொல்லோ 'நை' எனத் திரிந்து, பெரும்பாலும் செய்யுளிலும் பழைய வழக்கிலும் ஒதுங்கிற்று.

1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், பிரெஞ்சு வழியாக வந்தது 'குளோஸ்'. அது முதலில் 'அடைக்கப்பட்ட' என்றே பொருள்பட்டது. இடைவெளி அடைபடுதல் என்ற கருத்திலிருந்தே அண்மைப் பொருள் கிளைத்தது.

ஆயினும் பழைய அடிச்சொல் முற்றாக மறையவில்லை. அயலவரைக் குறிக்கும் 'நேபர்', 'அருகில் வாழ்பவர்' எனப் பொருள்படும் பழைய கூட்டுச்சொல்லின் திரிபாகும். தனித்து வழங்காது போன சொல்லும் பிறிதொரு சொல்லினுள் வாழ்தல் கூடும். எனவே, சொற்பொருள் ஆராய்வோர் இற்றைநாள் வழக்கோடு அமையாது, சொல்லின் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும்.